பறவைப் படம் போட்டால் குழுவில் யாரும் பேசுவதில்லை என்றீர்களே

போடுவதையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பழைய நண்பர்கள் முப்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், வேறு யாராவது பதில் போடுவார்கள் என்று எல்லோருமே இருந்துவிடுவார்கள். (அவசர உதவி விஷயத்தில் இதே போக்கை டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் இருவரும் 1968இலேயே ஆராய்ந்து காட்டினார்கள்.)

அதனால் படத்தை ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். கூடவே கேள்வி ஒன்று: “இது மைனாவா, வேறா? நீ இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறாய்?” வெறும் படத்துக்குக் கட்டைவிரல்தான் வரும். எழுதச் சோம்பல்படும் நண்பருக்குக் குரல் பதிவு சரியாக வரும். நடந்துகொண்டே பேசலாம், கேட்பவர் 2 மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாம். ஸ்டேட்டஸும் போடுங்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை, ஆர்வமுள்ளவர் தானே எட்டிப்பார்ப்பார். அப்புறம், அவர்களுடைய கிரிக்கெட் புலம்பலுக்கும் நீங்கள் பதில் போட வேண்டியிருக்கும்!