ஆப்பிள் மரம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: விதை போட்டு வளர்த்த கன்றுக்கு நாலு வயது. பூக்கவே இல்லையே?

பதில்: விதைக்கன்று பூக்க 6 முதல் 10 வருடம்கூட ஆகும். காய்த்தாலும் நீங்கள் தின்ற பழம் வராது. ஆப்பிள் பூ பெரும்பாலும் தன் ரகத்து மகரந்தத்தை ஏற்காது. அதனால் ஒவ்வொரு விதையும் தனி ரகம். கன்றை வெட்டிப் போட வேண்டாம், பிடித்த ரகத்தை அதில் ஒட்டுக்கட்டுங்கள்.

அந்த ரக மரம் உறங்கும் குளிர்காலத்தில், அதிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு வயதுக் குச்சியை வெட்டி, ஈரத்துணி சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். அதே பெட்டியில் பழம் இருக்கக் கூடாது. அது விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். கன்று துளிர்க்கத் தொடங்கும்போது, கன்றையும் குச்சியையும் 3–4 செ.மீ. நீளத்துக்கு ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய பச்சைக் கோடு தெரியும். இரண்டு கோடுகளும் தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். கனம் வேறுபட்டால் குச்சியை நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்துப் பச்சைக் கோடுகளையாவது ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். நாடாவால் இறுகக் கட்டி, குச்சியின் நுனியில் மெழுகு பூசுங்கள். காய்ந்துபோனால் ஒட்டு தவறும்.

கேள்வி: கன்று ஆடுகிறது என்று ஒட்டு மூட்டு வரை மண் அணைத்துவிட்டேன்.

பதில்: இன்றே விலக்குங்கள். மூட்டு மண்ணுக்கு மேல் 10–15 செ.மீ. நிற்க வேண்டும். புதைந்தால் மேலே உள்ள ரகமே வேர்விடும். ஒட்டுக்கு அடியில் வேராக நின்று மரத்தைக் குட்டையாக வைக்கும் எம்9 போன்ற வேர்ச்செடிக்கு வேலையில்லாமல் போகும். ஆட்டத்துக்கு மருந்து முட்டுக்கம்புதான். எம்9 மரத்துக்கு அது ஆயுள் முழுக்கத் தேவை.

கேள்வி: ஒரு வருடம் கொத்துக் கொத்தாய்க் காய்ப்பு, மறுவருடம் வெறுங்கிளை.

பதில்: பிஞ்சைக் கலைக்காததன் விளைவு. அடுத்த வருடப் பூமொட்டு இந்த வருடப் பிஞ்சு நிற்கும்போதே உருவாகிறது. பிஞ்சுக்குள் இருக்கும் விதைகள் சுரக்கும் ஜிபரெலின் என்ற இயக்குநீர் அதைத் தடுக்கிறது. ஆகவே பூ முடிந்த ஆறு வாரத்துக்குள், கொத்துக்கு ஒரு பிஞ்சு, பிஞ்சுக்குப் பிஞ்சு 15–20 செ.மீ. என்று விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். கை கூசும், இருந்தாலும் கிள்ளுங்கள்.

கேள்வி: ஒற்றை மரம், பூ நிறைய, காய் இல்லை.

பதில்: அதே சமயம் பூக்கும் வேறொரு ரகம் வேண்டும். ஜோனாகோல்டு, முட்சு ரகங்கள் இரண்டையும் துணைக்கு நம்பாதீர்கள். அவற்றின் மகரந்தம் பயன்படாது.

கேள்வி: பழத்து விதையை முளைக்கவைப்பது எப்படி?

பதில்: முளைத்தாலும் அதே பழம் வராது, முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கிரானி ஸ்மித் ரகம் விதையில் வந்ததுதானே? விதையை ஏன் இப்படி ஒதுக்குகிறீர்கள்?

பதில்: உண்மை. 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவில் தானாக முளைத்த கன்று அது. ஆனால் இன்றுள்ள கிரானி ஸ்மித் மரங்கள் அந்த ஒரே கன்றின் குச்சி வழி வந்தவை.

மறுபடி அவரே: அப்படியானால் ஆளுக்கொரு விதை போட்டால் புது ரகங்கள் பெருகுமே?

பதில்: பெருகும், தின்னத் தகுந்தவை மிகச் சில. மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 1960-ல் கலப்பு செய்த ஹனிகிரிஸ்ப் ரகம் வெளிவந்தது 1991-ல். அந்தப் பொறுமையும் இடமும் இருந்தால் தாராளமாக விதையுங்கள், நான் தடுக்கவில்லை. நாலு வருடத்தில் பழம் வேண்டும் என்பவருக்கு விதை வழியல்ல.

கேள்வி: இலையில் கறுப்புத் திட்டு, என்ன தெளிப்பது?

பதில்: இலையின் இரு பக்கமும் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். படம் அனுப்புங்கள்.

கேள்வி: மரத்தடியில் வைக்கோல், சருகு மூடாக்கு போடலாமா?

பதில்: போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டு மூட்டை மூடிவிடாதீர்கள்.