அம்பு விட்ட இதயம்

கேள்வி: தேயிலை, மேகம், குறுக்கே வெட்டிய பீட்ரூட் என்று எதைப் பார்த்தாலும் என் மகளுக்கு இதய வடிவம் தெரிகிறது. படமெடுத்துத் தள்ளுகிறாள். ‘எங்கே பார்த்தாலும் அன்புதாம்ப்பா’ என்கிறாள். இது ரசனையா, வெட்டி வேலையா?
– ஒரு வாசகர், கோத்தகிரி.

பதில்: ரசனைதான். தடுக்காதீர்கள். இன்னும் நல்ல இதயம் வேண்டுமென்றால், வெயில் ஏறிய பிறகு ஓடைக்கரைக்கு அழைத்துப் போங்கள். ஊசித்தட்டான்கள் இணையும்போது ஆண் தன் வால் நுனியால் பெண்ணின் கழுத்தைப் பற்றிக்கொள்ளும். பெண் தன் வாலை வளைத்து ஆணின் வயிற்றின் தொடக்கத்தில் சேர்க்கும். இரண்டு உடலும் சேர்ந்து அச்சு அசலாக ஓர் இதயம்! பல இனங்களில், பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை ஆண் பிடியை விடுவதே இல்லை.

என்னால் பொறுக்க முடியாத இதயம் ஒன்று உண்டு. ஊட்டி முதல் கொடைக்கானல் வரை மரப்பட்டையில் கத்தியால் கீறி, நடுவே அம்பு விட்டு, இரண்டு பெயரையும் எழுதிவைக்கிறார்களே, அது. அதைக் ‘காதலின் நினைவுச்சின்னம்’ என்று ஒருவர் இதே பக்கத்துக்கு எழுதினார். அன்றும் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். அதை அறுத்தால் மரம் பட்டினி கிடக்கும். காயத்தின் வழியே பூஞ்சை நுழையும். மரம் உயர்வது நுனியில். மார்பளவில் கீறிய பெயர் மார்பளவிலேயே நிற்கும், தழும்புதான் அகலும். கீறியவர்கள் மறுநாளே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

அம்பு என்றதும் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் வில் கொடுக்கும் சடங்கு நினைவுக்கு வருகிறது. மனைவி கருவுற்ற ஏழாம் மாதம், கணவன் செடிக்குச்சியை வளைத்து வில்லாக்கி, புல்லை அம்பாக்கி அவள் கையில் கொடுப்பான். பிறக்கப்போகும் குழந்தைக்கு நானே தகப்பன் என்று ஊரறியச் சொல்வது அது. ஒரு குச்சி, ஒரு புல், ஒரு வாழ்நாள் பொறுப்பு. இதைவிட அழகான காதல் வடிவத்தை இந்த மலையில் நான் கண்டதில்லை. அந்தச் சடங்கிலும் மரத்தில் மாடம் வெட்டி விளக்கு வைப்பார்கள். அதை நான் எதிர்க்க மாட்டேன். வெட்டியவர்கள் அந்த மரத்தின் பக்கத்திலேயே வாழப்போகிறவர்கள்.

தோடப் பெண்களின் பூத்தையலையும் மகளுக்குக் காட்டுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக எருமைக் கொம்பு போன்ற வடிவங்கள். பென்சிலால் ஒரு கோடுகூடப் போடாமல், இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. பூத்துக்குளிப் போர்வை ஒன்று முடிய எத்தனை நாள் பிடிக்கும் என்று தைக்கிறவரிடமே கேட்கச் சொல்லுங்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், இயந்திரத்தில் அடித்த துணியைத் ‘தோடர் சால்வை’ என்று கடைகளில் விற்கிறார்கள். இது அநியாயம், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். அசலைத் தோடர்களின் குடியிருப்பான மந்துக்கே போய், பேரம் பேசாமல் வாங்குங்கள். படம் எடுப்பதற்கு முன் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்கவும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.