காகிதத்தில் நடந்த ஒத்திகை

அன்புள்ள ஐயா,

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா நடிகை எலன் டெர்ரிக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கச் சொல்லியிருந்தீர்கள். படித்தேன். இரண்டு பேரும் லண்டனில்தான் இருக்கிறார்கள். ஆனால் எட்டு வருஷம் நேரில் பேசிக்கொள்ளாமல் கடிதத்திலேயே உருகுகிறார்கள். இதில் உண்மை எவ்வளவு? எழுத்தாளர் எழுத்தில் நடிக்கிறார், நடிகை பதிலுக்கு நடிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. இறந்தவர்களின் சொந்தக் கடிதங்களை அச்சிடுவது சரிதானா என்றும் தோன்றியது.

க.

அன்புள்ள க.,

உருகல் இருக்கிறது, மறுக்கவில்லை. அதை மட்டும் தொடர்ந்து படித்தால் எனக்கும் திகட்டும். ஆனால் நான் அந்தக் கடிதங்களிடம் திரும்பத் திரும்பப் போவது வேறொன்றுக்காக.

தொடக்கத்தைப் பாருங்கள். 1892இல், தனக்குத் தெரிந்த ஓர் இளம் பாடகிக்கு உதவ நினைத்து, எட்மண்ட் யேட்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுகிறார் டெர்ரி. யேட்ஸ் அதைத் தன் இசை விமர்சகரான ஷாவிடம் தள்ளிவிடுகிறார். ஷா போய்க் கேட்டுவிட்டு, காதில் விழுந்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்புகிறார். இங்கிலாந்தே கொண்டாடிய நடிகைக்குப் போன முதல் கடிதத்தில் இருந்தது காதல் இல்லை, தொழில்.

அப்புறம் 1896 செப்டம்பர். லண்டன் லைசியம் அரங்கில், அதை நடத்திவந்த நடிகர் ஹென்றி இர்விங் ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தைப் போடுகிறார். இமோஜென் என்ற இளம்பெண்ணாக டெர்ரி. அவருக்கு அப்போது வயது 49. நான்காம் அங்கத்தில் ஒரு பயங்கரமான காட்சி. மயக்கத்திலிருந்து கண் விழிக்கும் இமோஜென், இன்னும் வழிநடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மில்ஃபோர்டு துறைமுகத்துக்கு வழி கேட்கிறாள். இன்னும் ஆறு மைலா என்று அலுத்துக்கொள்கிறாள். மறுபடி படுக்கப் போகும்போதுதான் பக்கத்தில் யாரோ கிடப்பது தெரிகிறது. முதலில் பூக்கள். பிறகு ரத்தம். கனவாக இருக்கட்டும் என்கிறாள். கனவு கலைய மாட்டேன் என்கிறது. உடலுக்குத் தலை இல்லை. உடையோ அவள் கணவனுடையது.

செத்தவன் கணவன் இல்லை, அவன் உடையைப் போட்டிருந்த வேறொருவன் என்பது பார்வையாளர்களுக்கு முன்னமே தெரியும். அவளுக்குத்தான் தெரியாது. கொஞ்சம் பிசகினால் அரங்கமே சிரித்துவிடும். அந்த விழிப்பை எப்படி நடிப்பது என்றுதான் ஷா பக்கம் பக்கமாக எழுதுகிறார். இத்தனைக்கும் அந்த நாடகத்தின் மேல் அவருக்கு மதிப்பே கிடையாது. அரங்கேறிய அதே வாரம் பத்திரிகையில் ஷேக்ஸ்பியரைக் கிழித்துப் போட்டார். பல வருஷம் கழித்து அதன் ஐந்தாம் அங்கத்தைத் தானே திருத்தி எழுதினார். பிடிக்காத நாடகத்துக்காக, மேடையில் நிற்கப் போகிறவளுக்காக உட்கார்ந்து இவ்வளவு யோசித்திருக்கிறார். இதை என்னால் நடிப்பு என்று சொல்ல முடியவில்லை.

டெர்ரியும் லேசுப்பட்டவர் இல்லை. லைசியத்தில் இர்விங் வைத்ததுதான் சட்டம். 1878 முதல் டெர்ரி அவரோடு நடித்துவந்தார். இர்விங் அவரை வீணடிக்கிறார் என்று ஷா ஓயாமல் எழுதுகிறார். 1897இல் ஷாவின் ‘விதியின் மனிதன்’ நாடகத்தை இர்விங் கைவிட்டபோது சண்டை முற்றியது. இருவருக்கும் நடுவில் நின்றவர் டெர்ரி. அந்தப் பக்கமும் முறித்துக்கொள்ளவில்லை, இந்தப் பக்கமும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1899இல் தனக்காகவே ஷா எழுதிய பாத்திரத்தை முதலில் தனக்குச் சரிவராது என்று தயங்காமல் சொன்னார். 1906இல்தான் லண்டன் மேடையில் அதை ஏற்று நடித்தார். உருகிக்கொண்டே இருந்தவர் அப்படியா செய்வார்?

அச்சிட்டது சரியா என்று கேட்கிறீர்கள். டெர்ரி 1928இல் இறந்தார், புத்தகம் 1931இல் வந்தது. அவர் மகன் கார்டன் கிரெய்க் கொதித்துப்போய் எதிர்ப்புத் தெரிவித்தார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அம்மாவை ஊர் படிப்பதை எந்தப் பிள்ளை விரும்பும்? ஆனாலும் நான் அச்சிட்டவர்கள் பக்கம்தான். டெர்ரியின் இமோஜெனை இனி யாரும் பார்க்க முடியாது. ஒரு முழு நாடகத்தைக் குரலோடு படமாக எடுத்து வைக்க அன்று வழியில்லை. அவர் அந்தப் பாத்திரத்தை எப்படித் தேடிப் பிடித்தார் என்பதற்கு நம் கையில் இருப்பது இந்தக் காகிதங்கள்தான்.

எல்லாம் காகிதத்தில்தானே நடந்தது என்பவர்களுக்கு ஷா முன்னுரையிலேயே பதில் வைத்திருக்கிறார்: மனிதகுலம் அழகையும் உண்மையையும் நிலைத்த அன்பையும் இதுவரை எட்டியிருப்பது காகிதத்தில் மட்டும்தான் என்று. எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. ஷாவுக்கு வேண்டுமானால் காகிதத்தோடு முடிந்திருக்கலாம். டெர்ரி அதைப் படித்துவிட்டு, சாயங்காலம் மேடையேறி அந்தத் தலையில்லாத உடலின் பக்கத்தில் கண் விழிக்க வேண்டியிருந்தது.

மறுபடி எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். 1896 செப்டம்பரில் தொடங்குங்கள். பக்கத்தில் ‘சிம்பலின்’ நான்காம் அங்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.