ஹைலேண்டர் 2: எந்தப் பதிப்பைப் பார்ப்பது, எங்கே சறுக்கியது? கேள்வி பதில்

கேள்வி: சாவில்லாத வாள்வீரர்களைப் பற்றிய 'ஹைலேண்டர்' முதல் படத்தின் மயக்கம் தெளியாமலே இரண்டாவதைப் போட்டேன். சாவில்லாதவர்கள் எல்லாம் வேற்றுக்கிரகத்து ஆட்களாம்! முதல் பாகத்தில் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனா அண்ணா?

இல்லை தம்பி. 1986 படத்தில் 'ஜைஸ்ட்' கிரகம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. நாயகன் மெக்லவுட் 1518-இல் ஸ்காட்லாந்தின் கிளென்ஃபினனில் பிறந்தவன், அவனுடைய ஆசான் ராமிரெஸ் எகிப்தில் பிறந்தவர். இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று கேட்டால், சூரியன் ஏன் உதிக்கிறது என்று ராமிரெஸ் திருப்பிக் கேட்பார். அந்தப் புதிர்தான் படத்தின் உயிர். 1991-இல் திரையரங்குக்கு வந்த இரண்டாம் பாகமோ இருவரையும் ஜைஸ்டிலிருந்து நாடுகடத்தப்பட்ட புரட்சிக்காரர்கள் ஆக்கியது. யாரும் கேட்காத விளக்கம் அது. முதல் படத்தையும் சேர்த்தே காயப்படுத்தியது.

கேள்வி: பல பதிப்புகள் இருக்கின்றனவாமே, எதை வாங்கலாம்?

1995-இல் வந்த 'ரெனகேட்' பதிப்பு, அல்லது அதே வெட்டில் (படத்தொகுப்பில்) கிராஃபிக்ஸைப் புதுப்பித்த 2004 பதிப்பு. இரண்டும் ஏறத்தாழ 109 நிமிடம். அமெரிக்கத் திரையரங்குப் பதிப்பு 90 நிமிடத்தை ஒட்டியது. ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் வந்த பழைய டிவிடிகள் 4 சதவீதம் வேகமாக ஓடும், 109 நிமிடம் அதில் 105-க்குள் முடிந்துவிடும். எனவே நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். 'ஜைஸ்ட்' என்ற பெயர் காதில் விழுந்தால் அது பழைய வெட்டு. கதையில் ஓசோன் படலம் அழிந்ததால் பூமியை மூடிய கவசம் நீலமாகத் தெரிந்தால் 2004, சிவப்பென்றால் அதற்கு முந்தையது.

கேள்வி: அதே இயக்குநர், மெக்லவுடாக அதே லாம்பர்ட், ராமிரெஸாக அதே கானரி. பிறகு எப்படிக் கெட்டது?

படப்பிடிப்பு அர்ஜென்டினாவில் நடந்தது. அங்கே 1989-இல் ஆண்டுப் பணவீக்கம் 3,000 சதவீதத்தைத் தாண்டியது. போட்ட கணக்கு எதுவும் நிற்கவில்லை. படம் முடிவடையும் என்று உத்தரவாதம் கொடுத்த நிறுவனம் செலவு எகிறியதும் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. இயக்குநர் ரஸ்ஸல் மல்கேஹியின் எண்ணப்படி படத்தொகுப்பு நடக்கவில்லை. மெக்லவுடும் வில்லன் கட்டானாவும் மோதும் ஒரே வாள்சண்டையை இரண்டாகப் பிளந்து வெவ்வேறு இடங்களில் செருகினார்கள். சிறையிலிருந்து தப்பியபின் ஓடும் வண்டிமேல் நடக்கும் சண்டையும், கவசத்துக்கு மேலே ஏறி வானத்தைப் பார்க்கும் காட்சியும் வெட்டுப்பட்டன. அந்த வானக் காட்சிதான் கதையின் அச்சாணி: ஓசோன் படலம் சரியாகிவிட்டது, கவசத்தை நடத்தும் நிறுவனம் அதை மறைக்கிறது என்பதை மெக்லவுட் கண்ணால் உறுதிசெய்யும் இடம் அது.

கேள்வி: முதல் படத்திலேயே தலை வெட்டுப்பட்டுச் செத்த ராமிரெஸ் எப்படித் திரும்பி வந்தார்?

மெக்லவுட் பெயர் சொல்லி அழைக்கிறான், வந்துவிடுகிறார். எந்தப் பதிப்பிலும் இதற்கு உருப்படியான காரணம் இல்லை. கானரி திரையில் இருக்கும்வரை படம் மூச்சுவிடுகிறது என்பது வேறு விஷயம்.

கேள்வி: அப்படியானால் ரெனகேட் பதிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதா சார்?

தையலைச் சரிசெய்தது, துணி அதேதான். கிரகத்தை நீக்கி, பூமியின் தொல்பழங்காலம் என்று மாற்றினார்கள். ஆனால் முதல் படத்தில் சுற்றத்தார் நடுவே வளர்ந்த ஸ்காட்லாந்து இளைஞன், தொல்பழங்காலத்திலிருந்து எப்படி வந்தான்? அதைவிடப் பெரிய ஓட்டை வில்லனிடம் இருக்கிறது. கதை நடக்கும் 2024-இல் மெக்லவுட் சாவின்மையை இழந்த தள்ளாத கிழவன், தானாகவே செத்துவிடுவான். கட்டானா இரண்டு கொலையாளிகளை அனுப்புகிறான். அந்தக் கொலையாளிகளின் தலை போனதும் மெக்லவுடுக்கு இளமையும் சாவின்மையும் திரும்பிவிடுகின்றன. வில்லன் சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பான். எந்த மறுதொகுப்பும் இதை மூட முடியாது, இது திரைக்கதையிலேயே உள்ள பிழை.

கேள்வி: பார்க்கத் தகுந்தது ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. ஃபில் மெஹோவின் ஒளிப்பதிவில் அந்த இருண்ட நகரமும், ஸ்டூவர்ட் கோப்லாண்டின் இசையும்.

கேள்வி: மூன்றாம் பாகம் புரிய இது தேவையா?

தேவையில்லை. 1994 படம் இரண்டாம் பாகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. முதல் படத்தை மட்டும் 116 நிமிட ஐரோப்பியப் பதிப்பில் பாருங்கள். மெக்லவுடின் உதவியாளர் ரேச்சல் யார் என்பதைச் சொல்லும் இரண்டாம் உலகப்போர்க் காட்சி அதில்தான் உண்டு.