சட்ட ஆலோசனை: புதுப்பித்த நாளில் எடுத்த நான்கு படங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். டபுள் கேப் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். கோட்டையில் வேலைக்குத் தினமும் அதில்தான் போய் வருகிறேன், லீவு கிடைத்தால் மீமுரே மலைக் கிராமத்துப் பக்கம் போவேன். 2024 நவம்பரில் வாகனத்தை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, 265/70/16 டயரைக் கழற்றிப் பெரிய 285/75/16 போட்டேன். "எல்லாரும் போடுறாங்க, ஒண்டும் ஆகாது" என்றார் கராஜ்காரர். 2025 மார்ச்சில் முழுக் காப்புறுதியைப் புதுப்பித்தேன். முகவர் வீட்டுக்கு வந்து வாகனத்தை நாலு பக்கமும் படம் எடுத்தார், படிவத்தில் கையெழுத்து வாங்கினார். ஓகஸ்டில் ஒரு மாலை, பம்பலப்பிட்டியில் காலி வீதியில், முன்னால் போன ஓட்டோ ஆளை ஏற்றத் திடீரென்று நின்றது. பிரேக் பிடித்தும் மோதிவிட்டேன். ஓட்டோ சாரதிக்குக் கால் முறிவு. மீட்டரில் 50தான் காட்டியது என்று பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தேன். அவர்கள் என்னை நடத்திய விதத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இப்போது காப்புறுதி நிறுவனம், அறிவிக்காமல் வாகனத்தை மாற்றியமைத்ததாகக் கூறி கிளெய்மை நிராகரித்துவிட்டது. பதினொரு வருடமாக ஒரு சதம் கிளெய்ம் எடுக்காமல் பணம் கட்டியவன் நான். லீசிங் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பழைய ஸ்பிரிங்கையும் டயரையும் திரும்பப் போட்டுவிட்டு, "அறிவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது" என்று மன்னிப்புக் கடிதம் எழுதலாமா, வழக்குப் போடலாமா? நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டி முடிக்கச் சொல்கிறார் மைத்துனர்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். கோபம் முழுவதும் கராஜ்காரர் மீதும் பொலிஸ் மீதும் பதினொரு வருடக் கட்டணத்தின் மீதும் போயிருக்கிறது. உங்களைக் காப்பாற்றக்கூடிய விடயத்தையோ போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். புதுப்பித்தபோது முகவர் வாகனத்தை நாலு பக்கமும் படம் எடுத்தார் என்றீர்களே, அந்தப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? உங்கள் விவகாரத்தில் சட்டரீதியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

பதினொரு வருடம் கிளெய்ம் எடுக்காதது இங்கே உதவாது. ஒவ்வொரு வருடப் புதுப்பித்தலும் ஒரு புதிய ஒப்பந்தம். அந்த நாளில், காப்புறுதி கொடுப்பதா, எவ்வளவு கட்டணத்துக்குக் கொடுப்பதா என்று நிறுவனம் தீர்மானிக்கத் தேவையான முக்கிய தகவல்கள் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்ல வேண்டியது உங்கள் கடமை. உயர்த்திய சஸ்பென்ஷனும் பெரிய டயரும் அப்படியான தகவல்களே என்பதில் சண்டை பிடித்துப் பயனில்லை. கராஜ்காரர் சொன்னதும் மற்றவர்கள் போட்டிருப்பதும் பதிலாகாது. பொலிஸார் நடத்திய விதத்துக்கு வேறு முறைப்பாடு செய்யலாம், அதை இதனுடன் கலக்க வேண்டாம்.

ஆனால் லிஃப்ட் 2024 நவம்பரில், புதுப்பித்தல் 2025 மார்ச்சில். ஆகவே அந்த நாலு படத்திலும் இருந்தது உயர்த்திய வாகனம். அவை நிறுவனத்தின் கோப்புக்குப் போயிருந்தால், மாற்றத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உங்கள் பணத்தை வாங்கியிருக்கிறார்கள். பிறகு "எங்களுக்கு மறைத்துவிட்டார்" என்று சொல்வது அவர்களுக்கு அவ்வளவு இலகுவாக இராது. மாறாக, படங்கள் முகவரின் கைபேசியிலேயே தங்கிவிட்டிருந்தால், முகவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்குத் தெரிந்ததாகாது என்று வாதாடுவார்கள். அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. அதோடு நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் "வாகனத்தில் மாற்றம் ஏதும் இல்லை" என்ற இடத்தில் சரி அடையாளம் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முகவர் நிரப்பித் தந்தார், நான் வாசிக்கவில்லை என்பது பெரும்பாலும் எடுபடாது. கையெழுத்து உங்களுடையது.

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் செய்ய நினைக்கும் மூன்று காரியங்களும் இந்த நல்ல புள்ளியையோ உங்கள் தற்காப்பையோ உங்கள் கையாலேயே அழித்துவிடும்.

முதலாவது, பழைய ஸ்பிரிங்கையும் டயரையும் திரும்பப் போடுவது. வேண்டாம். சேதத்தை மதிப்பிட வந்த நிறுவனத்தின் அசெசர் பார்த்துப் படம் எடுத்ததால்தான் இந்த நிராகரிப்புக் கடிதமே வந்திருக்கிறது, ஆகவே மறைக்க இப்போது எதுவும் மிச்சமில்லை. விபத்து வாகனங்களைப் பரிசோதிக்கும் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்துவிட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் பார்க்குமுன் மாற்றினால் அது இன்னும் மோசம். என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒரே இரவில் ஜீப்பை அசல் நிலைக்குக் கொண்டுவந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் பிரேக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஸ்பிரிங் மாற்றிய பில்லின் திகதியையும், அவரே முகநூலில் போட்டிருந்த பழைய படத்தையும் காட்டி, "ஏன் மாற்றினீர்கள்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். விபத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நீதிமன்றம் நம்பவில்லை.

இரண்டாவது, மன்னிப்புக் கடிதம். பண்பாக எழுதுகிறோம், மனமிரங்குவார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். "அறிவிக்க வேண்டும் என்று தெரியாது" என்றால் "நான் அறிவிக்கவில்லை" என்றுதான் அர்த்தம். நிறுவனம் நிரூபிக்க வேண்டியதை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். நாளை "உங்களுக்குப் படம் கிடைத்தது, நீங்கள் அறிவீர்கள்" என்று நான் வாதாட எழுந்தால், முதலில் என் முன்னால் நீட்டப்படுவது அந்தக் கடிதம்தான். நீங்கள் எழுத வேண்டிய கடிதம் வேறு. நிராகரிப்பை ஏற்கவில்லை என்று ஒரு வரி. மார்ச்சில் புதுப்பித்தபோது எடுத்த படங்களினதும் படிவத்தினதும் பிரதிகளைத் தரவும் என்று இன்னொரு வரி. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, மைத்துனரின் யோசனை. நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு காலை பதினொரு மணிக்கே வீடு திரும்பலாம் என்பது உண்மை. ஆனால் கவனக்குறைவாக ஓட்டினேன் என்ற அந்த ஒப்புதலை ஓட்டோ சாரதி மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிராகவே காட்டலாம். அந்த வழக்கைத் தொடர அவருக்கு விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கிறது. ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டித் தப்பினோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஒன்றரை வருடம் கழித்து அழைப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஓடி வந்தவர்களை எண்ணி முடியாது. சட்டத்தரணியோடு பேசாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வாக்குமூலத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 777 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 834. ஒவ்வொரு சுற்றுக்கும் வாகனம் முன்பைவிட 7 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. மீட்டருக்கோ அது தெரியாது, பழைய டயரையே மனதில் வைத்து எண்ணுகிறது. ஆகவே அது 50 என்று காட்டும்போது நீங்கள் போவது ஏறத்தாழ 53, 54. நகருக்குள் எல்லை 50. உங்களுக்கு அரண் என்று நினைத்துச் சொன்ன அந்த "மீட்டரில் 50" எல்லையை மீறியதற்கான உங்கள் சொந்தச் சாட்சியமாகத் திரும்பலாம். தொழிற்சாலை மீட்டர்கள் சற்றுக் கூட்டிக் காட்டுவது வழக்கம் என்பதால் இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல நிபுணர் வேண்டும், நிபுணரைக் கூண்டில் ஏற்றினால் அவர் பிரேக்கையும் பேசுவார்.

பிரேக்தான் உங்கள் உண்மையான அபாயம். பல டபுள் கேப்களில் சஸி எனும் அடிச்சட்டத்துக்கும் பின் சில்லுகளை இணைக்கும் அக்ஸிலுக்கும் இடையில் ஒரு சிறு தண்டில் தொங்கும் வால்வு உண்டு. பின்னால் பாரம் ஏறினால் சஸி அக்ஸிலை நோக்கி இறங்கும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பாரம் இல்லாவிட்டால் பின் சில்லு இறுகி வழுக்காதிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். லிஃப்ட் போட்டதும் சஸி இரண்டு அங்குலம் மேலே போய்விடுகிறது. தண்டையோ பிராக்கெட்டையோ திருத்தாவிட்டால், வாகனம் எப்போதும் வெறுமையாக ஓடுவதாகவே அந்த வால்வு நினைக்கும், பின் பிரேக் எப்போதும் குறைவாகவே பிடிக்கும். அதோடு டயர் பெரிதானால் அதே பிரேக்குக்கு வேலையும் கூடுகிறது. "பிரேக் பிடித்தும் மோதிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்ததும் எனக்கு நினைவில் வந்தது இந்த வால்வுதான். கராஜ் பில்லை எடுத்துப் பாருங்கள். கிட்டுக்கும் டயருக்கும் எலைன்மென்டுக்கும் பணம் போட்டிருப்பார்கள். வால்வைத் திருத்தியதாக ஒரு வரி இருக்கிறதா? இல்லாவிட்டால், பரிசோதனைகள் முடிந்ததும் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு எழுத்தில் அறிக்கை எடுத்து, அதைச் சரி செய்யும்வரை அந்த வாகனத்தில் ஓட வேண்டாம். இதை வழக்குக்காகச் சொல்லவில்லை. தினமும் காலி வீதியில் உங்களுக்கு முன்னால் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பதிவுச் சான்றிதழில் டயர் அளவுக்கும் வாகனத்தின் உயரத்துக்கும் தனித்தனி இடம் உண்டு. இப்போது அவை உங்கள் வாகனத்தோடு பொருந்தவில்லை. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிக்காத பிழை அது, திருத்தக்கூடிய பிழை. புகைப் பரிசோதனையில் தேறி வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்தது மாற்றத்துக்கு அனுமதி கிடைத்ததாகாது. லீசிங் ஒப்பந்தத்திலும் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற வாசகம் அநேகமாக இருக்கும். கிளெய்ம் கிடைக்காவிட்டாலும் தவணை நிற்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஓட்டோ சாரதியின் விடயத்தில் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மூன்றாந்தரப்புக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது காயப்பட்டவரைக் காப்பதற்காக. உங்களோடு உள்ள தகராறைக் காட்டி அவரை இலகுவில் கைவிட நிறுவனத்தால் முடியாது. ஆனால் அவருக்குக் கொடுத்ததை உங்களிடம் திரும்ப அறவிடும் உரிமை காப்புறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். எடுத்து வாசியுங்கள். அவரிடமிருந்தோ அவருடைய சட்டத்தரணியிடமிருந்தோ ஒரு துண்டுக் கடிதம் வந்தாலும் அன்றே நிறுவனத்துக்கு அனுப்புங்கள், நிராகரித்துவிட்டார்கள்தானே என்று மேசைக்குள் போடாதீர்கள். அவரைப் போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டும். ஆனால் நிறுவனத்தின் எழுத்துச் சம்மதமின்றிப் பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ பிழை என்னுடையது என்று சொல்லவோ வேண்டாம். அவர் திடீரென்று நின்றது நட்டஈட்டைக் குறைக்கலாம், 1968 ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பைப் பங்கிட இடம் தருகிறது. முற்றாக விடுவிக்காது. பின்னால் வருபவர் இடைவெளி விட்டே வர வேண்டும், உங்கள் பிரேக்கும் அதே தராசில் ஏறும்.

ஆகவே வழக்குப் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம், சமரசம் பேசுங்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும் என்பது அதில் ஒரு பாதி. நிறுவனத்தை நீங்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தால், வால்வையும் டயரையும் மீட்டரையும் பொதுப் பதிவேட்டில் ஏற்றுகிறவர் நீங்களாகவே இருப்பீர்கள். ஓட்டோ சாரதி அதை அப்படியே எடுத்துத் தன் வழக்கில் வைக்கலாம். படங்கள் கோப்பில் இருக்கின்றன என்று தெரிந்தால் நிறுவனத்துக்கும் சங்கடம்தான். அந்த நேரத்தில், ஓட்டோ சாரதியின் நட்டஈட்டை அவர்கள் முழுமையாகக் கொடுத்து உங்களிடம் திரும்பக் கேட்பதில்லை என்று எழுத்தில் தர வேண்டும், உங்கள் வாகனத்தின் திருத்தச் செலவில் ஒரு பகுதியையும் ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். திருத்தச் செலவில் பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது நிபந்தனையில் மட்டும் இறங்காதீர்கள், உங்கள் வீட்டையும் சேமிப்பையும் காக்கப் போவது அது. நிறுவனத்தின் மேல்மட்டத்தில் பேசிச் சரிவராவிட்டால் காப்புறுதித் தகராறுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். நீதிமன்றில் நிற்கும் விடயத்தை அங்கே எடுப்பதில்லை என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பேச்சு நடக்கட்டும் என்று நாளைக் கடத்தவும் வேண்டாம். நிராகரித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வழக்கோ நடுத்தீர்ப்போ தொடங்காவிட்டால் கிளெய்ம் கைவிடப்பட்டதாகும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, அந்தத் திகதியை எழுதி வையுங்கள்.

முகவருக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். அவர் உங்கள் நண்பராகவே இருக்கலாம், ஆனால் தன் வேலை போகும் என்று பயந்தால் அந்தப் படங்கள் கைபேசியில் இல்லாமல் போகும். அவர் மார்ச்சில் உங்களுக்கு வட்ஸ்அப்பில் ஏதும் அனுப்பியிருந்தால், அந்த உரையாடலை அழிக்காமல் முழுவதையும் பிரதி எடுத்து, நிராகரிப்புக் கடிதம் வந்த தபால் உறையோடு சேர்த்துச் சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள்.