ரெமிங்டன் 700 அல்லது வின்செஸ்டர் மாடல் 70: மான் வேட்டைக்கு எதை வாங்கலாம்?

இந்த இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே .308 என்ற அளவுத் தோட்டாவுக்கானவை, இரண்டும் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பழையவை என்கிறீர்கள். சுடும் துல்லியத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். மான் வேட்டைத் தூரத்துக்கு இரண்டுமே போதும்.

வித்தியாசம் போல்ட்டில்தான், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டில். 1936-இல் வந்த மாடல் 70-இல், மேகஸினிலிருந்து (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டி) மேலே வரும் தோட்டாவின் விளிம்பை ஒரு நீளமான கொக்கி அப்போதே பிடித்துக்கொள்ளும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுப் பின்னால் இழுத்தாலும் தோட்டா கூடவே வந்துவிடும். 1962-இல் வந்த 700 அப்படியல்ல. தோட்டாவை முன்னால் தள்ளிக்கொண்டு மட்டும் போகும். போல்ட் முழுதாக மூடும்போதுதான் பிடி விழும். பாதியில் இழுத்தால் தோட்டா உள்ளேயே கிடக்கும், அடுத்தது அதன் பின்னால் போய் முட்டும். மானுக்கு இது பெரிய விஷயமில்லை. திருப்பித் தாக்கும் மிருகம் என்றால் பெரிய விஷயம்.

ஒரு சிக்கல்: 1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க அந்தக் கொக்கியை எடுத்துவிட்டது. 1990-களில்தான் திரும்பக் கொண்டுவந்தது. அதனால் பெயரை நம்பாமல் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் அந்தக் கொக்கி நீளமான தகடாக இருக்க வேண்டும்.

700-இல் விசையைக் கவனியுங்கள். 2006 முதல் 2014 வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை, தானாகவே வெடிக்கலாம் என்று நிறுவனமே திரும்பப் பெற்றது. சரிசெய்யப்பட்டதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

என் ஓட்டு மாடல் 70-க்கு, அதுவும் அதன் மூன்று நிலைப் பாதுகாப்புப் பூட்டுக்காக. நடு நிலையில் துப்பாக்கி சுடாதபடி பூட்டியிருக்கும்போதே தோட்டாக்களை வெளியே எடுத்துவிடலாம். அப்புறம், கடைசியாகத் தோளில் வைத்துப் பார்க்கும்போது 700 உடம்போடு ஒட்டினால், சரி, அதையே எடுங்கள்.