டெஸ்ட் எல்லாம் நார்மல், அப்புறம் எப்படி ஐ.பி.எஸ்.?

கேள்வி: எனக்கு வயது 34. ஒரு வருடமாக வயிற்று வலி. காலையில் மூன்று நான்கு முறை மோஷன் போனால்தான் அடங்குகிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோப்பி எல்லாமே நார்மல். டாக்டர் 'ஐ.பி.எஸ்.' (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது எரிச்சல் குடல் நோய்) என்கிறார். ஒன்றும் கிடைக்காததால் சும்மா ஒரு பெயர் வைத்துவிட்டாரா?

பதில்: இல்லைங்க. 'மோஷன் போனால்தான் அடங்குகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. 1978-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மேனிங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வயிற்றுத் தொந்தரவோடு வந்தவர்களிடம் அறிகுறிகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு யாருக்கு உறுப்பில் கோளாறு இருந்தது, யாருக்கு வெறும் குடல் இயக்கப் பிரச்சினை என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மலம் கழித்ததும் வலி குறைவது, வலி வரும்போது மலம் இளகுவது, அடிக்கடி போவது, வயிறு வெளியே தெரிகிற அளவுக்கு உப்புவது, இந்த நான்கும் இரண்டாம் வகையினரிடம்தான் அதிகம் இருந்தன.

பிறகு வந்தது, அறிகுறிகளை வைத்தே ஐ.பி.எஸ்.-ஐக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் ரோம் அளவுகோல். இப்போதுள்ள நான்காம் பதிப்பு 2016-இல் வெளியானது. கடைசி 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வலி வேண்டும். மலம் கழிப்பதோடு தொடர்பு, எத்தனை முறை போகிறோம் என்பதில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம், இவற்றில் குறைந்தது இரண்டு கூடவே இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது.

முந்தைய பதிப்பில் 'வலி அல்லது அசௌகரியம்' என்று இருந்தது. அசௌகரியம் என்றால் மொழிக்கு மொழி, ஆளுக்கு ஆள் ஒரு பொருள் வருவதால் 2016-இல் அதை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு. நம் ஆட்கள் 'வயிறு ஒரு மாதிரி இருக்கு டாக்டர்' என்பார்கள். துருவிக் கேட்டால் ஒருவருக்கு அது உப்புசம், இன்னொருவருக்குப் புளித்த ஏப்பம், மூன்றாமவருக்குத்தான் நிஜமான வலி. ஆனால் இந்தக் கறார் ஆராய்ச்சிக்குத்தான் அதிகம் தேவை. கணக்கில் ஒன்றிரண்டு குறைந்தாலும், வேறு நோய் இல்லை என்று தெளிவானால் ஐ.பி.எஸ். சிகிச்சையைத் தொடங்கலாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது பேதி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இதில் ஏதாவது இருந்தால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றபடி இரண்டு வாரம் ஒரு நோட்டில் வலி வந்த நேரம், சாப்பிட்டது, மோஷன் எப்படிப் போனது என்று குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். இன்னொரு ஸ்கேனைவிட அந்த நோட்டு அவருக்கு அதிகம் உதவும்.